கொடி இருக்கிறது, நாடு இல்லை: இது என்ன தூதரகம்?

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது என் வேலைகளில் ஒன்று. தூண் பர்மா தேக்கு, தரை இத்தாலிப் பளிங்கு, கண்ணாடி பெல்ஜியம், உள்கட்டுத் தரைக்கு மட்டும் நம்ம ஆத்தங்குடிக் கல். எதைக் காட்டினாலும் கூடவே ஓர் ஊர்ப் பெயரையும் சொல்லிப் பழகிவிட்டேன். போன தை மாதம் டெல்லியிலிருந்து வந்த ஒரு பெண்மணி, விடைபெறும்போது விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். நீலப் பின்னணியில் வட்டமாக 12 பொன் நட்சத்திரங்கள். வீட்டுக்கார ஆச்சி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"எந்த தேசத்து எம்பசி தம்பி இது?"

"தேசம் இல்லை ஆச்சி. ஐரோப்பிய ஒன்றியம்."

"தேசம் இல்லாம எம்பசியா? அந்தம்மா போர்ச்சுகல்காரவுகன்னு நீதானே சொன்னே? போர்ச்சுகலுக்கு டெல்லியில எம்பசி இல்லையா?"

"இருக்கு ஆச்சி."

"அப்ப இவுக யாரு?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே விளங்கவில்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்து, ஆச்சிக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்று யோசித்ததில் கிடைத்ததுதான் இது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சாதாரணத் தூதரகம் என்றால் ஒரு நாடு இன்னொரு நாட்டில் வைத்திருக்கும் அலுவலகம். பிரான்சுக்கு, ஜெர்மனிக்கு, போர்ச்சுகலுக்கு எல்லாம் டெல்லியில் அப்படித் தூதரகம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் என்பது 27 நாடுகளின் கூட்டு. அந்தக் கூட்டுக்கும் டெல்லியில் தனியாக ஓர் அலுவலகம் இருக்கிறது. அதைத் தமிழ்ச் செய்திகளில் 'தூதுக்குழு' என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் நாலு பேர் விமானத்தில் வந்து, மாலை போட்டுக்கொண்டு, மறுநாள் போய்விடுவது போல இருக்கிறது. அப்படியில்லை. 1983 முதல் டெல்லியில் நிரந்தரமாக இருக்கிற அலுவலகம் அது. தலைவருக்குத் தூதர் என்றே பெயர். ராஷ்டிரபதி பவனில் குடியரசுத் தலைவரிடம் நியமனக் கடிதம் கொடுத்துத்தான் வேலையைத் தொடங்குகிறார். பூட்டானுக்கும் அவரே தூதர்.

கொடியில் இருக்கும் 12 நட்சத்திரங்களை வைத்து நாடுகளை எண்ணாதீர்கள். 1955-ல் அந்தக் கொடியை முதலில் ஏற்றது ஐரோப்பிய கவுன்சில் என்கிற வேறொரு அமைப்பு. எத்தனை நாடு சேர்ந்தாலும் விலகினாலும் நட்சத்திரம் 12-தான்.

இனி ஆச்சியின் கேள்விக்கு வருவோம். போர்ச்சுகலுக்குத் தனியாகத் தூதரகம் இருக்கும்போது, போர்ச்சுகலும் சேர்ந்த கூட்டுக்கு எதற்கு இன்னொன்று?

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கான விடை ஏற்கெனவே தெரியும். கிட்டங்கி என்று சொல்கிறோமே, வட்டித்தொழிலுக்குக் கடல் கடந்து போன நம்மவர்கள் ஒன்றாக இருந்து தொழில் பார்த்த கட்டடம், அதை நினைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளைப் பற்றி நம் பெரியவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். ஒரே நீளக் கூடம். அதில் வரிசையாகப் பெட்டியடிகள், அதாவது பணப்பெட்டியும் கணக்கும் வைத்துக்கொண்டு உட்காரும் இடங்கள். ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு விலாசத்தின், அதாவது ஒரு வட்டித்தொழில் நிறுவனத்தின், ஏஜெண்ட் உட்கார்ந்திருப்பார். முதலாளி தேவகோட்டையிலோ கண்டனூரிலோ இருப்பார். ஏஜெண்டுக்கு முதலாளி கொடுத்த அதிகாரப் பத்திரம் உண்டு. அதில் எழுதியிருக்கிற அளவுக்கு மட்டுமே அவர் முதலாளியின் சார்பில் பேசலாம், கையெழுத்துப் போடலாம். சுமார் மூன்று வருடம் இருந்து, கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். ஒரு நாட்டின் தூதர் என்பவர் கிட்டத்தட்ட இந்த ஏஜெண்ட்தான்.

ஆனால் ஒரே கூடத்தில் இருந்தவர்கள் எல்லா விஷயத்தையும் தனித்தனியாக முடிவு செய்யவில்லை. ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் மாதம் ஒருமுறை கூடி 'நடப்பு வட்டி' எவ்வளவு என்று பேசி வைப்பார்கள். வட்டி நடப்பு எல்லோருக்கும் ஒன்று. அந்த வட்டியைக் கணக்கில் வைத்து யாருக்குக் கடன் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் அவரவர் பெட்டியடி விவகாரம். அதில் பக்கத்துப் பெட்டிக்காரர் தலையிட முடியாது.

டெல்லியில் இருக்கும் ஐரோப்பிய அலுவலகம், பொதுவில் வைத்த விஷயங்களுக்கான பெட்டியடி. 27 நாடுகளும் எதையெல்லாம் பொதுவில் வைத்தனவோ அதற்கு மட்டும் அது பேசும். பொதுவில் வைக்காததற்கு அந்தந்த நாட்டுத் தூதரகம்தான். ஆகவே, 'இவர் எந்த நாட்டுக்கு' என்பதைவிட 'இவர் எந்த விஷயத்துக்கு' என்று கேட்பதுதான் சரி.

எது பொதுவில் இருக்கிறது? எல்லாவற்றிலும் பெரியது வணிகம். 1968-ல் அன்றைய ஆறு உறுப்பு நாடுகளும் தங்களுக்குள் சுங்கச் சுவரை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து வரும் சரக்குக்கு ஒரே சுங்க விகிதத்தை வைத்துக்கொண்டன. இப்போது வெளிநாட்டோடு வணிக ஒப்பந்தம் பேசும் உரிமை தனித்தனி நாட்டுக்கு இல்லை.

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையை எடுத்துக்கொள்வோம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. அதை ஒருவர் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகம் வழியாக ஆஸ்திரியாவில் இருக்கிற கடைக்கு அனுப்புகிறார் என்று வையுங்கள். சுங்கம் ராட்டர்டாமில் ஒருமுறை மட்டும். அங்கிருந்து வியன்னா போகும்வரை வழியில் எந்த எல்லையிலும் மறுபடி கட்ட வேண்டாம். சரி, அந்தச் சுங்கம் அதிகம் என்று அவருக்குக் குறை. நெதர்லாந்துத் தூதரகத்தில் போய் மனுக் கொடுத்தால் மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுப்பார்கள். குறைக்க அவர்கள் கையில் அதிகாரம் இல்லை. ஆஸ்திரியாவிடமும் இல்லை. விகிதம் தீர்மானமாவது ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில். டெல்லியில் அதன் காது ஐரோப்பிய ஒன்றிய அலுவலகத்தின் வணிகப் பிரிவு.

மிளகாய்த்தூளுக்கும் இதே கதைதான். உணவுப் பொருளில் பூச்சிமருந்து எச்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஒன்றியம் முழுவதற்கும் ஒரே வரம்பு. நம்மூர் மசாலா ஒரு துறைமுகத்தில் சோதனையில் மாட்டினால் எச்சரிக்கை வலைப்பின்னல் மூலம் 27 நாட்டுக்கும் செய்தி போய்விடும். 'இத்தாலி வாங்காவிட்டால் ஸ்பெயினுக்கு அனுப்பலாம்' என்கிற யோசனை அங்கே எடுபடாது.

இந்தியாவுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே சுதந்திர வணிக ஒப்பந்தப் பேச்சு 2007-ல் தொடங்கியது. 2013-ல் நின்றுபோனது. 2022-ல் மறுபடியும் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்தது பிரான்சோ ஜெர்மனியோ இல்லை, ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம். டெல்லி அலுவலகத்துக்காரர்கள் ஒப்பந்தத்தைத் தாங்களே பேசி முடிப்பவர்கள் இல்லை. இங்கே யாருக்கு எதில் மனத்தாங்கல், எந்த அமைச்சகம் எதில் இறங்கி வரும், எதில் வராது என்று பார்த்துப் பார்த்து மேலே எழுதுகிறவர்கள். அந்தக் காலத்து ஏஜெண்ட் ஊருக்கு எழுதிய கடிதத்தில் பாதி சரக்கு இதுதானே.

பொதுவில் இல்லாதது எது? ராணுவம், வருமான வரி, பள்ளிக்கூடம் என்று நீளமான பட்டியல். வெளியுறவுக் கொள்கை நடுவில் தொங்குகிறது. எல்லோரும் ஒத்துக்கொண்டால் ஒரே குரல். ஒரு நாடு தலையாட்ட மறுத்தாலும் அந்த விஷயத்தில் ஒன்றியத்தின் வாய் அடைபட்டுவிடும். இதைப் பலவீனம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பங்காளிகள் கூடிப் பேசி எடுத்த முடிவு தாமதமாக வந்தாலும், வந்த பிறகு வழக்கு வராது.

இந்தப் 'பாதிப் பொது' நிலைமையால் வந்த வேடிக்கை ஐக்கிய நாடுகள் சபையில் தெரியும். பொதுச் சபையில் ஒன்றியத்துக்குப் பேச இடம் உண்டு. 2011-ல் அதற்காகவே ஒரு தீர்மானம் போட்டார்கள். ஆனால் ஓட்டு கிடையாது. ஓட்டு நாடுகளுக்கு மட்டும். உலக வர்த்தக அமைப்பிலோ ஒன்றியம் 1995-லிருந்து முழு உறுப்பினர். வணிகம் பொது என்பதால் அங்கே கௌரவம் முழுசாகக் கிடைக்கிறது.

சரி, இந்த அலுவலகத்தின் முதலாளி யார்? தூதரின் நியமனக் கடிதத்தில் இரண்டு கையெழுத்து இருக்கும். ஒன்று 27 நாட்டுத் தலைவர்களும் கூடும் ஐரோப்பிய மன்றத்தின் தலைவருடையது. இன்னொன்று ஐரோப்பிய ஆணையத் தலைவருடையது. அன்றாடம் அவர் பதில் சொல்வது ஒன்றியத்தின் வெளியுறவு உயர் பிரதிநிதிக்கு. 2024 டிசம்பரிலிருந்து அந்தப் பதவியில் இருப்பவர் எஸ்டோனியாவின் முன்னாள் பிரதமர் காயா கல்லாஸ். வணிகம், உதவித்திட்டம் போன்றவற்றில் ஆணையமும் நேரடியாக உத்தரவு அனுப்பலாம். ஆக, ஒரு ஏஜெண்டுக்கு ஊரிலிருந்து இரண்டு பேர் கடிதம் போடுகிறார்கள். இரண்டு கடிதமும் முரண்படாத நாளில் தூதர் நிம்மதியாகத் தூங்குவார் என்று நினைக்கிறேன்.

அலுவலகத்துக்குள்ளும் கலவைதான். ஒன்றியத்தின் வெளியுறவுப் பணியில் நிரந்தரமாக இருப்பவர்கள் கொஞ்சம் பேர், ஆணையத்திலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் பேர், உறுப்பு நாடுகளின் வெளியுறவுத் துறைகளிலிருந்து சில வருடத்துக்கு இரவலாக வந்தவர்கள் கொஞ்சம் பேர், அப்புறம் நம்மூர் ஊழியர்கள். எங்கள் வீட்டுக்கு வந்த போர்ச்சுகல் பெண்மணி, வேலை நேரத்தில் போர்ச்சுகலுக்காகப் பேசுகிறவர் இல்லை என்பது எனக்கே இப்போதுதான் பிடிபட்டது.

இந்த ஏற்பாடு ஒன்றும் பழையதில்லை. 1954-ல் வாஷிங்டனில் இன்றைய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய நிலக்கரி எஃகுச் சமூகத்துக்காக ஒரு சின்னத் தகவல் அலுவலகம் திறந்தார்கள். அதுதான் வித்து. பிறகு பல நாடுகளில் ஐரோப்பிய ஆணையத்தின் அலுவலகங்கள் முளைத்தன. ஆனால் அரசியல் பேச்சு அவற்றின் கையில் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு நாடு முறைவைத்துத் தலைமை ஏற்கும். அந்த ஆறு மாதம் டெல்லியில் அந்த நாட்டுத் தூதரே மற்ற தூதர்களைக் கூட்டி வைத்துப் பேசுவார். ஆறு மாதம் போனால் வேறு வீடு, வேறு முகம். கோயில் காரியத்தை முறைவைத்துச் செய்கிற ஊரில் இருப்பவர்களுக்கு இதில் என்ன தலைவலி வரும் என்று விளக்க வேண்டியதில்லை. முறைக்காரர் சாவியை அடுத்த முறைக்காரரிடம் ஒப்படைப்பதற்குள் பாதி விஷயம் மறந்துபோகும். 2009 டிசம்பர் 1 அன்று ஒன்றியத்தின் அடிப்படை விதிகளைத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும் சாவி நிரந்தரமாக ஒன்றியத்தின் அலுவலகத்திடம் வந்தது. இப்போது உறுப்பு நாட்டுத் தூதர்களைக் கூட்டி உட்காரவைப்பதும், ஒத்துப்போன வாசகத்தை ஒரே அறிக்கையாக்குவதும், அதை எடுத்துக்கொண்டு வெளியுறவு அமைச்சகப் படியேறுவதும் அவர்கள் வேலை. உலகம் முழுக்க 140-க்கும் மேற்பட்ட இடங்களில் இப்படி அலுவலகம் இருக்கிறது.

கூடிப் பேசினால் கனம் அதிகம், அதனாலேயே சில நேரம் கோபமும் அதிகம். 2022 மார்ச்சில், உக்ரைன் விஷயத்தில் ரஷ்யாவைக் கண்டிக்கும்படி இஸ்லாமாபாத்தில் இருந்த 22 தூதரகத் தலைவர்கள் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அதில் ஐரோப்பியர்களே பெரும்பான்மை. அப்போதைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் பொதுக்கூட்டத்தில் கொதித்துவிட்டார். நாங்கள் என்ன உங்கள் அடிமைகளா, இந்தியாவுக்கும் இப்படி எழுதினீர்களா என்று கேட்டார். தனியாக அமைச்சகத்தில் போய்ச் சொல்ல வேண்டியதைச் சந்தியில் வைத்துச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

நாடில்லாத தூதருக்கு இன்னொரு சங்கடம், மரியாதை. தூதர்களின் உரிமைகளைச் சொல்லும் 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை, நாடுகளை மனத்தில் வைத்து எழுதியது. கூட்டுகளைப் பற்றி அதில் பேச்சில்லை. அதனால் எந்த ஊரில் அலுவலகம் திறந்தாலும் அந்த நாட்டு அரசோடு தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டுத்தான் அந்தஸ்தை வாங்க வேண்டும். கொடுத்த அந்தஸ்தைப் பிடுங்கவும் முடியும். 2018 டிசம்பரில் அமெரிக்க முன்னாள் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் இறுதிச் சடங்கில், தூதர்களை வரிசையாக அழைத்தபோது ஒன்றியத்தின் தூதரை அவருக்குரிய இடத்தில் கூப்பிடவில்லை, கடைசியில் கூப்பிட்டார்கள். விசாரித்தால், சொல்லாமல் கொள்ளாமல் வரிசையை மாற்றியிருக்கிறார்கள். 2019 மார்ச்சில் பழைய இடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டனும், 'நீங்கள் நாடில்லை, சர்வதேச அமைப்பு' என்று சொல்லி லண்டனில் இருந்த ஒன்றியத்தின் தூதருக்கு முழு அந்தஸ்து தர மறுத்து, 2021 மே மாதம்தான் இறங்கி வந்தது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் இலை போடாத கோபம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

நம் பிள்ளைகளுக்கு நேரடியாகத் தேவைப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. விசா. அந்த நீல விசிட்டிங் கார்டுக்காரர்கள், அதாவது ஒன்றியத்தின் டெல்லி அலுவலகம், விசா கொடுப்பதில்லை. ஐரோப்பாவின் பெரும்பகுதியைச் சுற்ற ஷெங்கன் விசா ஒன்று போதும் என்பதால், அதை ஒன்றியத்தின் அலுவலகம் கொடுக்கும் என்று நினைத்து அங்கே மின்னஞ்சல் போடுகிறவர்கள் உண்டு. என் அக்கா மகனும் போட்டான். விதி பொது, கொடுக்கும் கை தனி. எந்த நாட்டில் அதிக நாள் தங்கப்போகிறோமோ அந்த நாட்டுத் தூதரகத்துக்கு விண்ணப்பம் போக வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் இறங்கும் நாடு. 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஷெங்கன் வேறு, ஒன்றியம் வேறு. இந்தப் பொது விசா செல்லும் ஷெங்கன் பகுதியில் 29 நாடுகள். அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் இருக்கின்றன, ஷெங்கனில் இல்லை. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஷெங்கனில் இருக்கின்றன, ஒன்றியத்தில் இல்லை. படிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு வழியில் நீல அலுவலகம் உதவும். எராஸ்மஸ் முண்டஸ் என்கிற முதுகலை உதவித்தொகை ஒன்றியத்தின் பணம். அதைப் பற்றிய அறிமுகக் கூட்டங்களை அவர்கள் நடத்துவார்கள். சேர்க்கையை முடிவு செய்வது பல்கலைக்கழகங்களே. விசாவுக்கு அப்போதும் அந்தந்த நாட்டு வாசல்தான்.

மற்றக் கூட்டுகள் இப்படிச் செய்கின்றனவா? அரபு லீக்குக்கு டெல்லியில் அலுவலகம் இருக்கிறது. ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கு வாஷிங்டனிலும் பிரஸ்ஸல்ஸிலும் உண்டு. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டான ஆசியான் வேறு மாதிரி. டெல்லியில் இருக்கும் ஆசியான் நாடுகளின் தூதர்களே ஒரு குழுவாகக் கூடிக்கொள்கிறார்கள். பொதுப் பெட்டியடி இல்லாத கிட்டங்கி அது. இந்தியா தன் பங்குக்கு ஆசியானுக்கென்றே ஜகார்த்தாவில் ஒரு தூதரை 2015-லிருந்து வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குத் தனி ஆள் இல்லை. பிரஸ்ஸல்ஸில் இருக்கும் நம் தூதர் பெல்ஜியம், லக்சம்பர்க், ஒன்றியம் மூன்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்.

இதையெல்லாம் போன வாரம் ஆச்சியிடம் வளவில் உட்கார்ந்து சொன்னேன். கிட்டங்கி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தவர், கடைசிவரை குறுக்கே பேசவில்லை. முடித்ததும் ஒரே ஒரு கேள்வி.

"பொதுப் பெட்டியடிக்குச் செலவு யாரு குடுக்குறாக?"

"நம்ம மகமை வசூல் மாதிரிதான் ஆச்சி. வெளியூர்ச் சரக்குக்கு வாங்குற சுங்கத்துல வசூல் செலவுக்குன்னு கால்வாசியை அந்தந்த நாடு எடுத்துக்கிட்டு, மிச்சத்தைப் பொதுவுக்குக் குடுத்துரும். அது பத்தாது. அதனால அவங்கவங்க வருமானத்துக்குத் தக்கபடி இன்னொரு பங்கும் குடுக்கிறாங்க. அதுதான் பெருசு."

"கணக்கை யாரு பாக்குறாக?"

"லக்சம்பர்க்ல தணிக்கை மன்றம்னு ஒண்ணு இருக்கு ஆச்சி. 1977-லேருந்து பாக்குது."

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டு, அந்தக் கார்டை ஐந்தொகைப் பேரேட்டுக்குள் வைத்து மூடினார்.